பதினாறு நாளுக்கு ஒரு வீடு

"அந்தப் பதினாறு நாளு நான் எந்த மாசத்துல சோறு துண்றது? அத சொல்லிட்டு அப்பால கதவ சாத்துங்க!"

பாப்பம்மாள் தெரு நடுவில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு கத்தினாள். இந்தப் பக்கம் பெரிய மகன் கோதண்டம் வீடு. எதிரே சின்னவன் பரசுராமன் வீடு. இரண்டுக்கும் நடுவில் இவள். தொண்ணூத்தியொண்ணாம் வருஷம், ஜூலை ஒண்ணாம் தேதி, காலை எட்டு மணி இருக்கும்.

பெரிய மருமகள் மரகதம் கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினாள். "ஒண்ணாந்தேதி ஆயிடுச்சி அத்த. ஜூன் மாசம் முடிஞ்சிது. இனிமே அவுங்க மொற. கத்தாத, அவரு நைட்டு ஷிப்ட்டு முடிச்சிட்டு இப்பத்தான் படுத்தாரு."

எதிர் வீட்டிலிருந்து பரசுராமன் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். "இத பாரு, இன்னும் ஆனி மாசம். ஆனி அண்ணன் மொற. என் மொற ஆடி ஒண்ணுலேர்ந்து. அதுக்கு இன்னும் பதினாறு நாளு கீது. யாரு வேணா வந்து எண்ணிப் பாத்துக்கங்க."

நடந்தது இதுதான். பாப்பம்மாளை இரண்டு மகன்களும் மாதத்துக்கு ஒருவராக வைத்துக்கொள்வதென்று நாலு வருஷமாக ஏற்பாடு. சித்திரை பெரியவன், வைகாசி சின்னவன், ஆனி பெரியவன், ஆடி சின்னவன். இரண்டு பேரும் கழனி வேலை செய்தவரை தமிழ் மாதம்தான் கணக்கு. அந்த வருஷம் கோதண்டத்துக்கு பெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் ஒண்ணாம் தேதி. உடனே மரகதத்துக்கு மாதமென்றால் ஒண்ணாம் தேதியில் ஆரம்பிப்பதுதான் என்று ஆகிவிட்டது. பரசுராமன் இன்னும் ஏர் பிடிப்பவன், பஞ்சாங்கத்தை விடமாட்டான். இவள் ஜூனில் முடிந்துபோனாள், ஆடியில் இன்னும் ஆரம்பிக்கவில்லை. நடுவில் தொங்கினாள்.

நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க என் வாயால் முடியாது.

"பதினாறு நாளாடி? அதுக்குள்ள ஒருத்திக்குக் கருமாதியே முடிஞ்சிடுமே!" என்றேன்.

பாப்பம்மாள் திரும்பினாள். என்னைத் திட்டத்தான் திரும்பினாள். ஆனால் அவள் கண் என் முகத்தைத் தாண்டி, என் வீட்டை ஒட்டியிருந்த ஒற்றை அறையின் மேல் போய் நின்றது.

அந்த அறை என் வீட்டுக்காரர் சாவதற்கு முன் கட்டியது. சீமை ஓடு, சிமெண்டுத் தரை, தெருப்பக்கம் தனிக் கதவு. கம்பெனிக்காரர்கள் வருவார்கள், வாடகை வரும், நான் போன பிறகு நீ யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று கட்டினார். அவர் சொன்ன நல்ல பேச்சு அது ஒன்றுதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். மே மாதம் பெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்துத் தலைவர் செத்தது உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு போலீசு ஊர் ஊராக வந்து, யார் குடியிருக்கிறான், எங்கிருந்து வந்தான் என்று கேட்டுவிட்டுப் போனது. அந்தப் பிள்ளைகள் பேசும் தமிழ் எங்கள் தமிழ் இல்லை. ஊர்க்காரர்கள் அவர்களைப் பார்த்த பார்வையே சரியில்லை. ஜூன் பிறந்ததும் மறைமலை நகருக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு முகம் தெரியாதவனுக்கு அறையைக் கொடுக்க எனக்குப் பயம். பூட்டையும் அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். கதவைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன்.

"யக்கா, உன் ரூமு சும்மாத்தான கீது?" என்றாள் பாப்பம்மாள்.

"கீது. அதுக்கு இன்னா?"

"எனக்கு வாடகைக்குக் குடு."

சிரித்துவிட்டேன். எங்கள் ஊர் மண்ணூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே. வாடகை என்பது இங்கே வெளியூர்க்காரன் கொடுப்பது. சொந்த ஊரில், சொந்த மகன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒருத்தி வாடகைக்கு வீடு கேட்டு நான் பார்த்ததில்லை.

"அடியே, ரெண்டு ஆம்பளப் புள்ள பெத்தவ வாடக வூட்டுல கீறான்னா ஊரு இன்னா பேசும்?"

"இப்ப மட்டும் ஊரு வாய்ல கொழுக்கட்டையா வெச்சிகினு கீது?"

வாடகைப் பேச்சுக்கு வந்தேன். "மாசம் நாப்பது ரூவா. பதினாறு நாளுக்கெல்லாம் குடுக்க மாட்டேன். எடுத்தா மாசத்துக்கு எடு."

"எடுத்துக்கறேன்."

"இன்னொண்ணு கீது. என் வூட்டுல சாவக் கூடாது."

யாரும் இதைக் கெட்ட மனசு என்று நினைக்க வேண்டாம். நாள் நட்சத்திரம் சரியில்லாமல் செத்தால் அந்த அறையை ஆறு மாதம் அடைத்துப்போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பிறகும் எவன் குடிவருவான்? எனக்கு வயிற்றுப்பாடே அந்த அறைதான்.

பாப்பம்மாள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "சாவுற தேதிய இங்கிலீஷ்ல சொல்லட்டுமா, தமிழ்ல சொல்லட்டுமா?"

வாடகைக்கு விட்டேன்.

அவள் கதை பெரிய கதை இல்லை. பதினைந்து வயதில் இந்த ஊருக்கு வாழ வந்தாள். சின்னவன் தவழும்போது புருஷன் காமாலையில் போனான். களை எடுத்தாள், செங்கல் சூளையில் கல் சுமந்தாள், நாற்று நட்டாள். இரண்டு மகன்கள் வீட்டுச் சுவருக்கும் மண் மிதித்தவள் அவள்தான். அந்த இரண்டு வீட்டிலும் அவள் புடவையை மாட்ட ஓர் ஆணி கிடையாது. எல்லாம் அந்தத் தகரப் பெட்டிக்குள்தான். பெட்டிக்குக் கொக்கி உண்டு, பூட்டு இல்லை. மருமகள்கள் வெற்றிலை வேண்டுமென்றால் திறப்பார்கள். அவள் எங்கே போயிருந்தாலும் திறப்பார்கள். மகன்கள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் மாதா மாதம் பெட்டியோடு தெருவைத் தாண்டுகிறவளை யாரும் ஆளாக எண்ணுவதில்லை. கோவில் உண்டியல் மாதிரி, யார் கணக்கில் இருக்கிறது என்பதுதான் பேச்சு.

முதல் நாள் மத்தியானம் எட்டிப் பார்த்தேன். அறைக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி வைத்திருந்தாள்.

"இன்னாடி, காலு வலியா?"

"இல்லக்கா. நீட்டிப் பாத்தேன். யாரும் தாண்டிகினு போவல."

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். காரம் அவள் இஷ்டத்துக்கு. என் வீடு முழுக்க நாற்றம். திட்டினேன். ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். தின்றுவிட்டு மறுபடி திட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் கோதண்டம் எழுந்து வந்தான். கம்பெனிச் சட்டை போட்டிருந்தான்.

"பெரிம்மா, மானம் போவுது. லைன்ல கூட வேல செய்யறவன் கேக்கறான், உங்கம்மா வாடக வூட்டுலயாமேன்னு. நீ ஏன் குடுத்த?"

"நீ ஏன் கதவ சாத்துன?"

"தூங்கிகினு இருந்தேன் பெரிம்மா."

"நல்லா தூங்குன. உன் ஜூனு முடிஞ்சிது, என் ரூமுல ஜூலை பொறந்துச்சி. போடா."

ஆடி ஒண்ணாம் தேதி விடிந்ததும் பரசுராமன் சைக்கிளோடு வந்துவிட்டான். சொன்ன தேதிக்கு வந்தான், அதைச் சொல்ல வேண்டும். கேரியரில் பெட்டி கட்டக் கயிறு கூட இருந்தது.

"வாம்மா. என் மொற வந்துடுச்சி."

பாப்பம்மாள் வாசலுக்குச் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "ஆடி மாசத்துல எவனாவது குடி மாறுவானாடா?"

"குடியா? இது... மொறதானம்மா?"

"மொறயெல்லாம் ஆனியோட போச்சி. இப்ப நான் வாடக குடுத்து குடியிருக்கறவ. ஆடியில குடி வந்தா வூட்டுக்கு ஆவாதுன்னு உன் பஞ்சாங்கத்துல இல்ல? உன் வூடு நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்."

பஞ்சாங்கக்காரனுக்குப் பஞ்சாங்கத்தாலேயே அடி. தெருவில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான். ஆகஸ்டு ஒண்ணாம் தேதி கோதண்டம் வந்தான். அவனுக்கும் அதே பதில். "உனக்கு ஆகஸ்ட்டு, எனக்கு இன்னும் ஆடிடா."

இப்படியே போயிருந்தால் எனக்கும் கவலை இல்லை. ஆடிப் பதினெட்டு கழிந்து நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் வாசல் தெளிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கோணியைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறாள். உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கிறது. மறுநாள் பேச்சுக் குளறியது. புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நாங்கள் யாரும் புருஷன் பேரைச் சொல்லமாட்டோம்.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் நினைத்தது அவளை அல்ல. அறையைத்தான் நினைத்தேன். இங்கே செத்துவிட்டால் என் கதி என்ன என்றுதான் ஓடினேன். தெரு நடுவில், அவள் நின்ற அதே இடத்தில் நின்று கத்தினேன்.

"டேய், உங்கம்மா கெடக்கறா கெடையில! இப்ப யாரு மொறடா? வந்து தூக்குங்கடா!"

இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன.

"ஆகஸ்ட்டு, என் மொற," என்று கோதண்டம் ஓடிவந்தான்.

"ஆடி முடியல, என் மொற," என்று பரசுராமன் ஓடிவந்தான்.

போன மாதம் இருவருக்கும் இல்லாமல் தெருவில் நின்றவள், இப்போது ஒரே நேரத்தில் இருவருக்கும் சொந்தம். அதே கணக்குதான். கோதண்டம் தலைப்பக்கம், பரசுராமன் கால்பக்கம், ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். அவள் கண்ணைத் திறந்தாள்.

"இஸ்துகினு போவாதீங்கடா. ஆடி."

"வாய மூடுடி," என்றேன். "வண்டியக் கட்டுடா பரசுராமா."

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தோம். கோதண்டம் ஷிப்ட்டுக்குப் போகாமல் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பெரும்புதூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். அவளைத் திரும்ப எங்கே இறக்குவது என்று யாரும் பேசவில்லை. வண்டி என் வாசலில் வந்து நின்றது. மரகதம் ஒரு சொம்பு கஞ்சி கொண்டுவந்தாள். பரசுராமன் பெண்டாட்டியும் ஒரு சொம்பு கொண்டுவந்தாள். இரண்டையும் அவளால் குடிக்க முடியாததால், ஒன்றை நான் குடித்தேன்.

மூன்றாம் நாள் விடியலில் வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. படுத்திருந்த இடத்திலேயே இருந்து கேட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது நான் விட்ட மூச்சு மாதிரி என் பிரசவத்தில்கூட விட்டதில்லை.

"சாவலயாடி?" என்று குரல் கொடுத்தேன்.

"தேதி சரியில்லக்கா."

ஆவணி பிறந்தது. இனி ஆடி என்று சொல்ல முடியாது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். இந்தத் தடவை சண்டை இல்லை, பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"பெரிம்மா, அம்மாவ அனுப்பு. கணக்கு இனிமே ஒரே காலண்டர்தான், இங்கிலீஷ்," என்றான் கோதண்டம். பரசுராமனும் தலையாட்டினான். பாவம், பஞ்சாங்கத்தையே விட்டுவிட்டான்.

எப்போதும் பேசுகிற பாப்பம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அனுப்பினால் போகத்தான் வேண்டும், வீடு என்னுடையது. அதற்கு முந்தின நாள்தான் ஒரு கம்பெனி சூப்பர்வைசர் வந்து அறையைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். குடும்பத்தோடு வருவாராம், எண்பது கொடுப்பாராம். அது அவளுக்கும் தெரியும்.

"அவ எங்கயும் வரல," என்றேன். "அவ என் குடித்தனக்காரி. காலி பண்ணச் சொல்றதா இருந்தா நான்தான் சொல்லணும். நான் சொல்லல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், பேச்சுத் துணைக்கு என்று சொல்லமாட்டேன். அவள் பேசுவது எனக்கு அதிகம்தான். சூப்பர்வைசர் நல்லவராக இருக்கலாம், கெட்டவராக இருக்கலாம். இவள் காய்ச்சலில் என்ன உளறுவாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

"ஊருக்கு நாங்க இன்னா பதில் சொல்றது?" என்றான் பரசுராமன்.

அப்போதுதான் பாப்பம்மாளுக்கு வாய் வந்தது. "அரிசி குடுத்துட்டு சொல்லுங்கடா. ஆளுக்கு ஒரு மாசம். உன் பஞ்சாங்கத்துக்கு நீ அள, அவன் காலண்டருக்கு அவன் அளக்கட்டும். பதினாறு நாளு முன்ன பின்ன ஆனா இன்னா? அரிசின்னா பானையில கெடக்கும். நான்தான் தெருவுல கெடக்க முடியல."

அப்படியே நடந்தது. கோதண்டம் ஒண்ணாம் தேதிக்கு அளந்தான். பரசுராமன் தமிழ் மாதப் பிறப்புக்கு அளந்தான். சில நாள் பானை நிறைந்து வழியும், சில நாள் அடி தெரியும். அவள் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. வாடகைக்குக் களை எடுக்கப் போனாள்.

அண்ணன் தம்பி வந்து போனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் பெரும்புதூர் போனாள். மத்தியானம் திரும்பி வந்து என் முந்தானையில் ஒரு சாவியை வைத்தாள்.

"இன்னாடி இது?"

"பூட்டு வாங்கினேன்க்கா. ரெண்டு சாவி குடுத்தான். ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும். கழனியில எங்கனா வுழுந்து செத்து வெச்சன்னா ரூம தொறக்கணும்னு பூட்ட ஒடச்சிப் போடாத. புதுப் பூட்டு."

போய்ப் பார்த்தேன். கயிறு இல்லை. கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது. அதைப் பூட்டினாள், திறந்தாள், மறுபடி பூட்டினாள். உள்ளே அந்தத் தகரப் பெட்டியைத் தவிர திருட ஒன்றும் இல்லை.

"எவ்ளோடி குடுத்த?"

"இருவது சொன்னான். பேசி முடிச்சேன். பதினேழு ரூவா அம்பது காசு."