வெறும் இடத்தைப் பார்ப்பவள்

சூப்புக் கரண்டியை வாயருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, என் தங்கை பக்கத்து டம்ளரிலிருந்து ஒரு மடக்கு வெந்நீர் குடிக்கிறாள். பிறகு சூப். மறுபடி வெந்நீர். கண்ணை மூடி ஏதோ கணக்குப் போடுகிறாள். "உப்பு கொஞ்சம் தூக்கல்மா" என்கிறாள். அதற்குள் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்போம்.

"வெந்நீருக்குன்னு ஒரு ருசி இருக்கு. அதைக் கழிச்சாத்தானே சூப்போட ருசி தெரியும்?" என்பது அவள் வாதம்.

"எங்களுக்கெல்லாம் கழிக்காமலே தெரியுதேடி" என்பது அம்மாவின் வாதம்.

விண்வெளியில் சுற்றும் ஒரு தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தீர்மானித்து, அது அனுப்புவதைப் படித்துப் பார்க்கிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நான் சுவருக்கு வண்ணம் அடிப்பவன். பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். ஆனாலும் அவள் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தொலைநோக்கி பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி அது. சூடு உள்ள எல்லாவற்றிலிருந்தும் வரும். சிக்கலும் அதுதான். தொலைநோக்கியின் சொந்தக் கண்ணாடியிலிருந்தும் வரும், வழியில் மிதக்கும் தூசியிலிருந்தும் வரும். ஆகவே முதலில் நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். பிறகு சற்று நகர்ந்து, பக்கத்தில் ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்ப்பார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது நட்சத்திரம். சூரியன் பக்கம் மட்டும் திரும்பவே கூடாது.

"மேல வரைக்கும் அனுப்பிட்டு சூரியனைப் பாக்க மாட்டோம்னா எப்படிடி? இங்க நம்ம ஜன்னல்லயே தெரியுது" என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"அதுக்கு வேற தொலைநோக்கி இருக்கும்மா. அது சூரியனுக்கு மூஞ்சியக் காட்டும். எங்களுது முதுகக் காட்டும்."

இந்தக் கழித்தல் அலுவலகத்தோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வழியில் நிறுத்தி நலம் விசாரித்தால், அவர் முகத்தைப் பார்ப்பாள். அடுத்து அவருக்குப் பக்கத்தில் உள்ள இரும்புக் கேட்டைப் பார்ப்பாள். மறுபடி முகம், மறுபடி கேட். அந்த மனிதரும் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பார். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டைத் தடவியே பார்த்துவிட்டார். பல் மருத்துவர் ஒரு பல்லைத் தட்டி "வலிக்குதா?" என்று கேட்டபோது, "பக்கத்துப் பல்லையும் தட்டுங்க டாக்டர், கழிச்சுச் சொல்றேன்" என்றவள் இவள்.

சாப்பாட்டு அறையில் தனக்கு ஒரு வெறும் இடம் வேண்டும் என்று என்னைத்தான் கேட்டாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், வெள்ளை அடித்தேன், காய்ந்ததும் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, எங்கெல்லாம் தூரிகைத் தடம் தெரிந்ததோ அங்கெல்லாம் திரும்பவும் அடித்தேன். "அண்ணா, இதைவிட வெறுமையான இடத்த நான் பாத்ததே இல்ல" என்றாள். என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் எனக்குத் தந்ததில்லை. மறுநாளே, "நீ வெறும் இடத்துல வர்றேண்ணா" என்று என் நாற்காலியைக் குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து நானும் அந்தப் பெட்டியும் ஒன்றாகச் சாப்பிட்டுவந்தோம்.

சென்ற மாதம் வந்தது சோதனை. வெகுநாள் கேட்டுக் கேட்டு, ஒரு மங்கலான நட்சத்திரத்தைப் பார்க்க அவளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பார்த்தாள், பக்கத்து வானத்தைக் கழித்தாள். மிஞ்சியது பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. இருட்டைவிட இருட்டான நட்சத்திரம்.

"நட்சத்திரம் வெளிச்சம் குடுக்கும்மா, வாங்கிக்காது" என்றாராம் மேலதிகாரி. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் மீதி நேரம் வேறு குழுவுக்குப் போய்விடும். கூட வேலை செய்பவர்கள் அவள் மேசையில் ஒரு டார்ச் லைட்டை வைத்து, 'நட்சத்திரத்துக்கு' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

"கடன் வாங்கிக் கழிக்க மறந்திருப்ப. சின்ன வயசுலயே மறப்ப" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர் கழிக்குதும்மா."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நீதானே?"

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவள் சூப்பைத் தொடவில்லை. வெந்நீர் குடித்தாள், அப்புறமும் வெந்நீரே குடித்தாள். வெந்நீரிலிருந்து வெந்நீரைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"என் மூஞ்சியப் பாத்து சொல்லு, சாப்பிடப் போறியா இல்லையா?" என்றாள் அம்மா.

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல் என் வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றுவிட்டது. நட்டநடுவில் ஒரு கொழுத்த பல்லி.

நான் துடைப்பத்தோடு பாய்ந்தேன்.

"அண்ணா, தொடாத!"

"சுவரு அழுக்காயிடும்டி."

"ஆகட்டும். இரு. அம்மாலேருந்து அதைக் கழிச்சா, அம்மா ஒரு பல்லி அளவுக்குக் கம்மி ஆயிடுறாங்க."

"யாருடி பல்லிக்குக் கம்மி?" அம்மா கரண்டியை ஓங்கிவிட்டாள்.

"ஐயோ, உன்னைச் சொல்லலம்மா! நட்சத்திரத்தையே திரும்பத் திரும்பப் பாத்தேனே, பக்கத்துல இருந்த வெறும் இடத்த ஒரு தடவையாவது சந்தேகப்பட்டேனா?"

என் செருப்பை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். என் பாதம் அவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு.

விடிந்ததும் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கொஞ்ச நேரம் வாங்கி, இந்த முறை நட்சத்திரத்துக்கு மறுபக்க வானத்தைக் கழித்துப் பார்த்திருக்கிறாள். நட்சத்திரம் ஒழுங்காக வெளிச்சம் கொடுத்தது. ஒன்றுமில்லை என்று நம்பிய பழைய இடத்தில்தான் ஏதோ இருந்தது: மிக மிகத் தொலைவில், சாதாரண ஒளியில் கண்ணுக்கே படாமல், அகச்சிவப்பில் நட்சத்திரத்தைவிடப் பிரகாசமாக. இதுவரை யாரும் குறித்துவைக்காத ஒன்று. "நட்சத்திரத்த விடும்மா, மீதி நேரத்துல அந்த வெறும் இடத்தையே பாரு" என்று சொல்லிவிட்டாராம் மேலதிகாரி. டார்ச் லைட்டை அவள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள், நல்ல டார்ச்.

அன்று சாயங்காலம் நான் வழக்கம்போல் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். "எந்திரிண்ணா" என்றாள். என் நாற்காலியைத் தரையில் கிரீச்சென்று இழுத்துக்கொண்டுபோய், வெள்ளைச் சுவருக்கு முன்னால் சரியாக நடுவில் போட்டு, தோளை அழுத்தி என்னை உட்காரவைத்தாள். தலைக்கு மேலே பல்லி ஒருமுறை சத்தம் போட்டது. எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுத்து எங்கே திரும்பப் போகிறாள் என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம். அவள் திரும்பவில்லை. வெந்நீர் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, என்னையே பார்த்தபடி சூப்பைக் குடிக்கத் தொடங்கினாள்.