கதவைத் திறந்து வைக்கச் சொன்ன சரோஜா

சரோஜா போய்விட்டாள் என்று போன வியாழக்கிழமை தண்ணீர் லாரி வரிசையில் சொன்னார்கள். பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். நான் செத்தால் இப்படி அழுவார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அஞ்சாவதோடு படிப்பை விட்டவள் நான். மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு அவளுக்கு முன்பே குடிவந்தவள் நான். வயதிலும் மூத்தவள். தொண்ணூறுகளின் கடைசியில், ஆண்கள் வேலை பார்த்த கம்பெனி கேட்டைப் பூட்டியபோது எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள் என்று நினைத்தேன். அவளிடம் போனார்கள். பொதுவில் கஞ்சி காய்ச்சலாம், யார் வீட்டிலும் தனியாக அடுப்பு எரியக்கூடாது என்றாள். ‘எங்க நைனா காலத்துலயும் கம்பெனிய பூட்னாங்கோ. அப்போ இன்னா தப்பு பண்ணோம்னு எனக்குத் தெரியும்’ என்பாள். அந்தத் தப்பு என்னவென்று மட்டும் சொன்னதில்லை.

இரண்டு மாதம் அவள் பேச்சுக்குத் தெருவே தலையாட்டியது. என் வீட்டுக்காரரும் ஆட்டினார். ஒரு நாள் மத்தியானம் காசிமேட்டிலிருந்து என் தம்பி வவ்வால் மீன் கொண்டுவந்தான். கதவைச் சாத்திக்கொண்டு வறுத்தேன். பசியால் இல்லை, வயிற்றெரிச்சலில். ஜன்னலை மட்டும் சாத்தவில்லை.

அவள்தான் வந்தாள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவள் அடுப்பருகே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: ‘அப்போ மொதல்ல கதவ சாத்திகினு மீன் வறுத்தது எங்கம்மாதான், அக்கா. மக்யா நாளு பத்து வூட்ல கதவு சாத்திக்கிச்சு. அப்பால ஆம்பளைங்க ஒர்த்தர் ஒர்த்தரா போய், கம்பெனி நீட்டுன காயிதத்துல கையெழுத்து போட்டுட்டாங்கோ. நீ துன்னு. கதவ தொறந்து வெச்சிகினு துன்னு.’

என்னால் வாயில் வைக்க முடியவில்லை. தட்டைக் கஞ்சிப் பானையருகே எடுத்துப்போனேன். ‘அக்கா நமக்கோசரம் வறுத்துகினு வந்துகீது’ என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். மகராசி என்று என்னை வாழ்த்தினார்கள். என் நல்ல பேரும் அவள் கையிலிருந்துதான் வரவேண்டுமா என்று அன்றைக்கு அவளை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

கேட் திறக்க மேலும் இரண்டு மாதமானது. எங்கள் தெருவில் யாரும் தனியாகப் போய்க் கையெழுத்துப் போடவில்லை.

தெருக்காரர்களே, அந்த மீன் உங்களுக்காக வறுத்ததல்ல. கடைசிவரை அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற தாயின் தப்பை என் எதிரில் உட்கார்ந்து அவளால் சொல்ல முடிந்தது. என் தப்பைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது. அவளுடைய அந்தத் தைரியத்தின் மேல் இன்றும் எனக்குப் பொறாமைதான். அவள் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை நான் விடுவதாக இல்லை.