பந்தாட்டம் என்று சொல்லி ஏற்றிய லோரி

ஜப்பான்காரன் வந்த பிறகுதான் எங்கள் தோட்டத்துக்குத் தினசரி உடற்பயிற்சி வந்தது. தின்ன மரவள்ளிக்கிழங்கு, உடுத்தச் சாக்கு, அதோடு உடற்பயிற்சி. மலாயாவில் லூனாசுக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டம் அது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, ஜப்பான் ராஜா இருக்கும் திசை என்று கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும். பிறகு நான் மேசைமேல் ஏறி நின்று, “இச்சி, நீ, சான், ஷி” என்று ஜப்பான் மொழியில் எண்ணுவேன். அவர்கள் கைகளைத் தூக்கி இறக்குவார்கள். தூக்கினால் விலா எலும்பு தெரியும். அந்த உடம்புகளுக்குத் தேவைப்பட்டது சோறு. அதைக் கேட்டால் அறை விழும்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தின் டிரில் வாத்தியார். வயது இருபத்திரண்டு. சாயங்காலங்களில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் இளைஞர்களைச் சேர்த்துப் பந்து விளையாடப் பழக்கினேன். பூட்ஸ் கிடையாது, வெறுங்கால்தான். போருக்கு முன்னால் செர்டாங் வரைக்கும் போய் ஜெயித்துவிட்டு வந்த குழு அது. கோல்கீப்பர் என் வயதுக்காரன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பந்து வரும் திசையை அடிப்பவனின் இடுப்பைப் பார்த்தே சொல்லிவிடுவான். ஜப்பான்காரன் காலத்திலும் நாங்கள் ஆட்டத்தை விடவில்லை. பசியோடு ஆடினோம். அந்த ஒரு மணி நேரமாவது மனுஷனாக இருந்தோம்.

வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது தோட்டத்தைப் பெரிய கிராணியிடம் விட்டுப் போயிருந்தார். கிராணி என்றால் ஆபீஸ் கணக்கர்தான். ஆனால் எங்களுக்கு அவர்தான் சர்க்கார். துரைக்குப் போட்ட சலாமை அப்படியே ஜப்பான்காரனுக்குத் திருப்பிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது எல்லாத் தோட்டத்திலும் பரவியிருந்தது. லோரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு சாயங்காலம் கிராணி சைக்கிளை உருட்டிக்கொண்டு பந்துத் திடலுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

“வாத்தியாரே, சுங்கைப்பட்டாணியில பந்து மேட்ச். ஜப்பான்காரன் ஏற்பாடு. ஜெயிச்ச டீமுக்கு ஒரு மூட்டை அரிசி. நாளைக்குக் காலையில லோரி வரும்.”

“எந்த டீமோட, ஐயா?”

“அங்க உள்ள தோட்டத்துப் பசங்கதான். ஒருத்தன் விடாம கூட்டிட்டு வாங்க. ஆள் கொறைஞ்சா எனக்குத்தான் கெட்ட பேரு.”

அவர் போனதும் கோல்கீப்பர் கேட்டான்: “வாத்தியாரே, லோரின்னா பயமா இருக்குலா. நீங்க வர்றீங்கதானே?”

“நான் வராம மேட்சா?”

“அப்பச் சரி. நாங்களும் வர்றோம்.”

அடுத்த நாள் துவைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஏறினோம். பாடாங் செராயைத் தாண்டும்வரை அரிசி மூட்டையை எப்படிப் பங்கு போடுவது என்றே பேச்சு. சுங்கைப்பட்டாணிக்குள் நுழைந்ததும் கோல்கீப்பர் எழுந்து நின்றான். “வாத்தியாரே, மேட்ச் ஆடுற படாங் அந்தப் பக்கம்லா. லோரி இந்தப் பக்கம் திரும்புது!”

ரயில் ஸ்டேஷனில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். சரக்கேற்றும் இரும்புப் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. பந்தை ஒரு சிப்பாய் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தான். பந்து விளையாடப் போன சட்டையோடு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், நாங்கள் சயாமுக்குப் போனோம்.

அங்கே கண்டதையெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் டிரில் வாத்தியார் என்று தெரிந்ததும், முகாம் அதிகாரி அங்கேயும் என்னை மூங்கில் மேடையில் ஏற்றிவிட்டான். இரவெல்லாம் மழையில் நனைந்தவர்கள், வயிற்றுப்போக்கில் நிற்க முடியாதவர்கள் எல்லோரும் காலையில் கையைத் தூக்கி இறக்க வேண்டும். கோல்கீப்பருக்குக் கணுக்காலில் மூங்கில் கிழித்த புண் முழங்கால்வரை ஏறியிருந்தது. அவனையும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்.

ஒருநாள் நான் எண்ணவில்லை. மேடையைவிட்டு இறங்கி மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன்: “நோயாளியெல்லாம் கொட்டாய்க்குள்ள படுக்கட்டும். இவங்கள நிக்கவச்சு நான் டிரில் எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

அவர் அதை அதிகாரியிடம் சொன்னார். மூங்கில் கம்பு என் இடது காதின்மேல் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. அன்றிலிருந்து அந்தக் காது கேட்பதில்லை. மறுநாள் வேறொருவனை மேடையில் ஏற்றினார்கள். கோல்கீப்பர் அந்த மாதமே செத்துப்போனான். சாவதற்கு முன்னால் தண்ணீர்தான் கேட்டான். எங்கள் குழுவில் திரும்பி வந்தது என்னோடு சேர்த்து மூன்று பேர்.

போர் முடிந்து தோட்டத்துக்கு வந்தேன். பந்துத் திடல் முழுக்க மரவள்ளி நட்டிருந்தார்கள். லயத்து வீட்டு வரிசையின் வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள்.

துரையும் திரும்பி வந்துவிட்டார். பெரிய கிராணி அதே நாற்காலியில், அதே மூக்குக் கண்ணாடியோடு இருந்தார். நேராக ஆபீசுக்குப் போனேன்.

“பந்து மேட்ச்னு சொல்லி ஏன் அனுப்புனீங்க?”

“ஜப்பான்காரன் ஆள் கேட்டான். குடுக்கலைன்னா என் தலை போயிருக்கும், தம்பி.”

“உங்க மச்சானும் ரெண்டு மகனுங்களும் ஆபீஸ்லயேதானே இருந்தாங்க?”

அவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

“சரி, என்னை எதுக்கு ஏத்துனீங்க? வாத்தியாரை அவன் கேக்கலையே!”

“வாத்தியார் ஏறுனாத்தான் பசங்க ஏறுவாங்க,” என்றார். மத்தியானத்துக்கு மேல் மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இத்தனை வருடம் ஆகியும் அந்த வாக்கியம் எனக்கு ஆறவில்லை. ஒரு வாத்தியாருக்குச் சொத்து என்று இருப்பது, அவன் பேச்சைப் பிள்ளைகள் நம்புவதுதான். அந்த மனிதர் அதைத் தூண்டில் புழுவாக்கினார். தலைக்குப் பயந்தார் என்றே வைத்துக்கொள்வோம். முந்தின நாள் என் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே! ஓடியிருப்போம். அந்த வட்டாரத்தில் எங்களைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள் யார் இருந்தார்கள்?

நானும் பிள்ளைகளுமாக மரவள்ளியைப் பிடுங்கித் திடலைச் சமன் செய்தோம். மறு வருடம் விளையாட்டு விழா வைக்கத் துரை அனுமதி கொடுத்தார். சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? பெரிய கிராணி. கஷ்ட காலத்தில் தோட்டத்தைக் கட்டிக் காத்தவராம். சயாமில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் அந்த விழாவுக்குத் தோரணம் கட்டினார்கள். கட்டாவிட்டால் மறுநாள் பெரட்டில் வேலை கிடைக்காது.

பிள்ளைகள் அணிவகுத்து மேடையைக் கடக்கும்போது, “வலப்பக்கம் வணக்கம்” என்று நான் குரல் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் தலையைத் திருப்பிச் சலாம் வைப்பார்கள். மேடைக்கு எதிரே வந்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. குரல் வராததால் பிள்ளைகள் நேரே பார்த்தபடி நடந்தார்கள். கிராணி எழுந்து நின்று, கையைப் பாதி தூக்கி, அப்படியே வைத்திருந்தார்.

“உத்தரவு மறந்து போச்சா?” என்று துரை மலாய் மொழியில் கத்தினார்.

“மறக்கல, துவான். அவருக்குக் குடுக்க என்கிட்ட சலாம் இல்ல,” என்றேன்.

மறுநாளே வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் போகும் சடக்குவரை கூட வந்தது கோல்கீப்பரின் மனைவி மட்டும்தான்.

“நாங்கல்லாம் தெனம் காலையில அந்தாளு மொகத்துலதான் முழிக்கிறோம், வாத்தியாரே. வாயத் தொறக்க முடியல. நீங்க வாயத் தொறக்காமயே சொல்லிட்டீங்க,” என்றாள். சிரிக்கவும் செய்தாள். பஸ் வரும்வரை நின்றுவிட்டு வேலைக்கு ஓடினாள்.

பிறகு கூலிம் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்து, பயிற்சிக்குப் போய், முறையான உடற்கல்வி ஆசிரியரானேன். முப்பது வருடத்துக்கு மேல் விசில் ஊதினேன். பெண் பிள்ளைகளை ஓட விடாதே என்று சண்டைக்கு வந்த அப்பாக்களோடு சண்டை போட்டேன். மாநிலத்துக்கு ஆடியவர்கள் என்னிடமிருந்து போயிருக்கிறார்கள். கோபக்கார வாத்தியார் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவில் சயாம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் பின்னால் தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ஜப்பான்காரன் செஞ்சத மட்டும் சொல்லுங்க. கிராணி கதையெல்லாம் வேணாம்லா. அவரோட பேரப்பிள்ளைங்கதான் இந்தத் திடலுக்குக் கூரை போட்டுக் குடுத்தாங்க.”

ஜப்பான்காரனைத் திட்டுவது எல்லோருக்கும் சுலபம். அவன் ஊருக்குப் போய்விட்டான். எங்களை லோரிவரை கொண்டுபோய் ஏற்றிவிட்டவனுக்கு மட்டும் மாலை, மரியாதை, கூரை. நான் மைக்கை வாங்கிக் கிராணி சைக்கிள் உருட்டி வந்த சாயங்காலத்திலிருந்தே தொடங்கினேன். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். பாதியில் மைக்கை நிறுத்திவிட்டார்கள். டிரில் வாத்தியாருக்கு மைக் எதற்கு? திடலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.