தன் பங்கைத் தானே வாசித்தவர்

இஸ்ரேலின் ரோஷ் ஹாஅயின் ஊரில் பாதி வீடுகளுக்குச் சுவர் பூசியவர் அவாத் காரிதி. எழுபத்தொரு வயதில் பக்கவாதம் வந்தது. ஆறு வாரத்தில் நடை மீண்டது, பேச்சு மீண்டது. வசவு அதற்கும் முன்னால் மீண்டது. எழுத்தை வாசிக்கும் திறன் மட்டும் மீளவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பெண் குழந்தைப் புத்தகத்தை நீட்டினாள். எபிரேய எழுத்துகளுக்குக் கீழே உயிரொலிக்கான புள்ளிகள்.

"என்னம்மா இது, ஈ உக்காந்த ரொட்டி மாதிரி? புள்ளி வெச்சுப் படிக்க நான் என்ன தொட்டில் பிள்ளையா?"

புள்ளியில்லாத தாளைக் கொடுத்தாள். அதையும் வெறித்துப் பார்த்தார். "ஏதோ கோடு கோடா இருக்கு. ஒண்ணும் பேச மாட்டேங்குது."

அவருக்கு அவசரம். நோயிலிருந்து எழுந்தவர் ஜெப ஆலயத்தில் தோரா என்னும் வேதச் சுருளின் வாசிப்புக்குப் போய் நன்றி சொல்ல வேண்டும். வாசிக்க அழைக்கப்பட்டவர் தன் பங்கைத் தானே வாசிப்பது, ஏமனிலிருந்து வந்து குடியேறிய அவாத் போன்ற யூதர்களின் வழக்கம். சுருளில் மெய்யெழுத்துகள் மட்டும்தான். உயிரொலியும் ராகமும் வாசிப்பவர் தலையில் இருக்க வேண்டும். அதற்காகச் சுருளைப் பார்க்காமல் ஒப்பித்தாலும் செல்லாது. இத்தனை வருடத்தில் அவாத்துக்காக வேறொருவர் வாசித்ததில்லை. "இந்த வாரம் நான் வாசிச்சுடறேன் அத்தான்" என்று மைத்துனன் சாலிம் சொன்னதற்கு, சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார்.

வியாழக்கிழமை காலை மனைவி பத்ரா மேசையில் செய்தித்தாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து காபி குடித்த அவாத், "கோழி விலை குறைஞ்சிருக்காமே" என்றார்.

"யார் சொன்னா?"

"உன் பேப்பர்தான்."

பத்ரா தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் விழித்தார். மறுபடி தன் பக்கம் திருப்பினாள். அடுத்த செய்தியையும் வாசித்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. அவர் சிறுவனாக ஏமனில் படித்தபோது எட்டுப் பையன்களுக்கு ஒரே புத்தகம். சுற்றி உட்கார்ந்து படிப்பார்கள். கடைசியாகச் சேர்ந்த அவாத்துக்குக் கிடைத்தது எதிர்ப்பக்கம். எழுத்தைத் தலைகீழாகத்தான் கற்றார். நேராகப் படிக்கப் பிறகு பழகினார். பின்னால் வந்தது போய்விட்டது, முன்னால் வந்தது தங்கிவிட்டது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நோயாளிகளைக் கவனித்தவர்கள் இதைவிட விசித்திரங்களைப் பார்த்திருப்பார்கள்.

சனிக்கிழமை காலை ஆலயத்தில் சுருளைப் பெட்டியோடு மேசைமேல் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அவாத் அதன் பின்பக்கம் போய் நின்றார்.

"அத்தான், வழி தப்பிட்டீங்க" என்றான் சாலிம்.

"நீ பேசாம பெட்டியைப் படுக்க வைடா. எதிர்ல இருந்து பாத்தாத்தான் எனக்குப் படிக்க வருது."

வழிபாட்டை நடத்தும் மோரி ஸகரியா தாடியைத் தடவினார். "எழுத்தைப் பாத்து வாசிக்கணும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் நிக்கணும்னு நான் எங்கயும் படிச்சதில்லை. படுக்க வைங்கப்பா."

அவாத் வாசித்தார். ராகம் நொண்டியது, ஆனாலும் வந்தது. மூன்றாம் வசனத்தில் ஒரு சொல்லைத் தப்பாக ஒலித்தார். வழக்கமாக இப்படித் தப்பினால், திருத்துவதற்குக் கூடியிருக்கும் நாற்பது பேரின் வாய்களும் ஒரே நேரத்தில் திறக்கும். அன்று ஒருவரும் மூச்சு விடவில்லை. பாவம், நோயிலிருந்து எழுந்த மனுஷன் என்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவாத் நிறுத்தினார்.

"ஏன்யா, பக்கவாதம் வந்தது எனக்கா, உங்களுக்கா? தப்பு விட்டா திருத்த ஒருத்தனுக்கும் வாய் இல்லையா?"

சாலிம்தான் முதலில் கத்தினான். பிறகு நாற்பது பேரும் கத்தினார்கள். அவாத் திருத்தி வாசித்தார். அடுத்த வசனத்தில் இன்னொரு சொல் தப்பியது. அவர் வாயை மூடுவதற்குள் பாய்ந்தார்கள்.

"காது நல்லாத்தான் இருக்கு, மெதுவா சொல்லுங்க!" என்று முறைத்துவிட்டு, தன் பங்கை முடித்தார்.