அம்புஜம் அக்கா வாய் திறக்காத ஞாயிறு

தலைநகரின் துவாரகா பகுதியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் யார் வாய்க்குப் பூட்டு இருந்தாலும் அம்புஜம் அக்கா வாய்க்குக் கிடையாது. கணவருக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவர் தூங்கினால், அக்கா யாரிடம்தான் பேசுவார்? லிஃப்டில் பேசுவார், காய்கறி வண்டியை நிறுத்திப் பேசுவார்.

அந்த வாயால்தான் பரமசிவம் சார் வருஷா வருஷம் சொசைட்டி செயலாளர் ஆனார். தேர்தல் நடப்பது ஞாயிற்றுக்கிழமை. தமிழ் வீடுகளில் ஒருவரும் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். அக்காதான் கதவு கதவாக மணியடித்து, எழுப்பி இழுத்துப் போய் ஓட்டுப் போட வைப்பார்.

பொங்கல் விழாவில் அந்த மனிதர் மைக்கைப் பிடித்து, "நம்ம அம்புஜம்மா இருக்காங்களே, ரொம்ப கேருலஸ் லேடி!" என்றார். முன்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பாராட்டு என்று நினைத்து அக்கா எழுந்து கும்பிட்டார். அதோடு விட்டாரா? "சாரே மைக்ல சொல்லிட்டாரு, நான் கேருலஸாம்" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

மூன்றாம் மாடி ஜெனிஃபர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவர். அவர்தான் மனசு கேட்காமல் சொன்னார்.

"அக்கா, அதை இனிமே சொல்லாதீங்க. டாக்கடிவ்னா சும்மா நிறையப் பேசுறவங்க. கேருலஸ்னா ஒண்ணுமில்லாததைப் பேசிப் பேசி எதிராளியை அறுக்கிறவங்க. தன்னைப் பத்தி யாரும் அப்படிச் சொல்லிக்க மாட்டாங்க."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. நேரே திட்டியிருந்தால் மறந்திருப்பார். திட்டை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. "இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

தேர்தல் ஞாயிறு வந்தது. காலையிலேயே பரமசிவம் சார் அக்கா வீட்டு வாசலில் நின்றார். "எல்லா வீட்டுக்கும் சொல்லிடுவீங்கல்லம்மா? ஜல்தி கிளம்புங்க!"

அக்கா அழகாகச் சிரித்தார். சார் போனதும் கதவைத் தாழிட்டுவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். தமிழ் வீடுகள் குறட்டை விட்டன. சார் எதிர் பிளாக் குப்தாவிடம் தோற்றுப்போனார்.

சாயங்காலம் மறுபடி வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பேனேம்மா. உங்களுக்கு நான் என்ன பண்ணேன்?" குரல் உடைந்திருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை.

"பொங்கலன்னிக்கு உங்க பேச்சுக்குச் சிரிச்சாங்களே சார், அவங்கள்ல ஒருத்தர்கூடவா ஓட்டுப் போடல?"

"ஐயோ, அது விளையாட்டுக்குச் சொன்னதும்மா!"

"அச்சா. அடுத்த வருஷமும் நில்லுங்க சார். அன்னிக்கும் நான் கதவைச் சாத்திட்டு உள்ளதான் இருப்பேன்."