சொருகாத ஒயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கிவிட்டேன். எழுதினால் சிரிப்பீர்கள், எழுதாவிட்டால் ஆண்டவனுக்கு நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். நான் படித்தது எட்டாவதுதான். விளக்கு வைப்பேன், பழனிக்கு நடப்பேன், ஆனால் பேய், அசரீரி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள்.

கோவிந்தாபுரத்தில் எங்களுடையது பழைய மண்சுவர் வீடு. என் மனைவி வள்ளியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிருந்தது. தெரிந்த பாட்டைப் போட்டுவிடுங்கள், கூடவே பாட முயன்றால் பேச்சு திரும்பலாம் என்றார் டாக்டர். வைஃபையில் ஓடுகிற ஸ்பீக்கர்களை வாங்கி அறைக்கு ஒன்று வைத்தேன். மற்ற அறைகளில் முருகன் பாட்டு ஜோராகக் கேட்கும், அவள் படுத்திருந்த பின்னறையில் மட்டும் பாதியில் அறுந்துவிடும். அவள் வாயைத் திறக்கப் போவாள், பாட்டு நின்றுவிடும், கண் நிறைந்துவிடும். எத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

எலெக்ட்ரிக் கடை சாகுலைக் கூப்பிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்ணா, இது ஊடா கோட்டையா? இதுக்குள்ள சிக்னல் எங்க பூரும்? ரூட்டர்ல இருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒயர் இழுத்துட்டா அப்புறம் நிக்கவே நிக்காதுங்க."

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மெயின் ஸ்விட்சை இறக்கிக் கரண்டை நிறுத்திவிட்டு, உளியால் சுவரைத் துளைத்து ஒயர் இழுத்தார். பின்னறை ஸ்பீக்கர் ஒன்றுதான் பாக்கி, சொருகப் போகும்போது நான் தடுத்துவிட்டேன்.

"ராகு காலம் பொறந்துருச்சு சாகுலு. முடிஞ்சதும் சொருகலாம்."

"ஒயருக்குமா ராகு காலம்? நல்ல ஆளுங்ணா நீங்க!"

முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். நம்பினால் நம்புங்கள், பின்னறையிலிருந்து பாட்டு கேட்டது, துளிகூட அறாமல், கோயிலில் நிற்கிற மாதிரி! சாகுல் டம்ளரைப் போட்டுவிட்டு மெயின் ஸ்விட்ச் பக்கம் ஓடினார்.

"ண்ணா, மெயின் கீழதான் இருக்குதுங்க!"

நான் உள்ளே ஓடினேன். ஃபேன் சுற்றவில்லை. ஒயர் தரையில் கிடந்தது. ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது, அதோடு சேர்ந்து என் வள்ளியம்மாளும் பாடிக்கொண்டிருந்தாள்! குழறல்தான், ஆனால் கடைசி வரி வரைக்கும் பாடினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்து, அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, முருகா முருகா என்று கத்திவிட்டேன். பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கர் தானாக அடங்கியது.

பேட்டரி இருந்திருக்கும் என்பீர்கள். சாகுலும் அப்படித்தான் நினைத்துக் கழற்றிப் பார்த்தார். அதில் பேட்டரி வைக்கிற இடமே இல்லை.

ராகு காலம் முடிந்து மெயினை ஏற்றிவிட்டு, ஒயரைச் சொருகக் குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. அவங்களுக்கு இடைஞ்சல்."

"யாருக்கு வள்ளி?"

அவள் சிரித்தாள், அவ்வளவுதான். நானும் சொருகவில்லை. திரும்பி வந்த பேச்சு போய்விட்டால் என்ன செய்வேன்?

இன்றைக்கு அவள் என்னைத் திட்டுகிற அளவுக்கு நன்றாகப் பேசுகிறாள். அந்த ஒயர் தரையிலேயே கிடக்கிறது, பின்னறையில் பாட்டு அதற்கப்புறம் ஒருநாளும் அறுந்ததில்லை. ஆனால் தினமும் காலையில் பாட்டு முடிந்ததும், வெறும் சுவரைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்கிறாள்.

யாரிடமாவது இதைச் சொல்வீர்களானால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். ஒயரைச் சொருகிவிட்டேன் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.