டிசம்பர் முதலாம் திகதி வரை

தேங்காய்ச் சிரட்டையை எந்தத் தொட்டியில் போடவேண்டும் என்ற கேள்விக்கு மொன்றியலில் எனக்கு இன்னும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. எங்கள் வீதியில் சமையல் கழிவுக்குப் பழுப்புத் தொட்டி, கடதாசிக்கும் போத்தலுக்கும் நீலத் தொட்டி, இரண்டிலும் சேராததற்குக் கறுப்புப் பை. சிரட்டை சமையலறையிலிருந்துதான் வருகிறது, ஆனால் விறகுபோல இருக்கிறது. சென்ற மாதம் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். பேசிய பெண்ணுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் மிகுந்த அக்கறையோடு, வீட்டில் தென்னைமரம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். வருடத்தில் ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் எங்கள் ரொக்ஸ்பரோ முற்றத்தில்! இல்லை என்றேன். அப்படியானால் பிரச்சினை இல்லை என்று வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார். அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன்: சிரட்டை, பதில் இல்லை, கறுப்புப் பை.

சிரட்டை பற்றி என்னிடம் கேட்டவர் தர்ஷிகா. மட்டக்களப்புப் பெண். கணவர் நிரோஷன் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வருட ஆய்வுக்காக இந்தச் செப்டம்பரில் வந்திருக்கிறார். இப்படி வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் மண் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. மாணவனாக இருந்த நாளிலிருந்து ஒருநாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். வெளிநாட்டு ஆய்வாளர்களுக்காக ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஒரு கையேட்டைத் திருத்தி அனுப்புகிறேன். பதினான்கு பக்கம். யூலை முதலாம் திகதி இந்த நகரத்தில் பாதிப்பேர் ஒரே நாளில் வீடு மாறுவார்கள், அன்று சாமான் ஏற்ற வாகனம் கிடைக்காது. பனி அள்ளும் வண்டி வருமுன் சைரன் கேட்கும், அதற்குள் வீதியிலிருந்து காரை எடுத்துவிடவேண்டும். தெப்பனர் என்பது நம்முடைய சந்திக் கடை. கடைக்காரர் "பொன்ஜூர், ஹாய்" என்றால் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டில் எந்த மொழியிலும் பதில் சொல்லலாம். இப்படிப்பட்ட விஷயங்கள்தான். இதை எழுதும்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. ஏன் எழுதுகிறேன் என்று நானும் யாருக்கும் சொன்னதில்லை. இந்த ஒக்டோபரில் சொல்லவேண்டி வந்துவிட்டது.

மொன்றியலுக்கு வருமுன் நானும் என் மனைவி வசந்தியும் நான்கு வருடம் ஜப்பானில், சுகுபா என்ற ஆய்வு நகரத்தில் இருந்தோம். போய் இறங்கிய மறுநாளே எங்கள் கையில் ஒரு மஞ்சள் புத்தகத்தைத் தந்தார்கள். வெளிநாட்டு ஆய்வாளருக்குத் தேவையான அன்றாடத் தகவல்கள் எல்லாம் அதில் இருந்தன. எரியும் குப்பைக்கு எந்த நாள், எரியாததற்கு எந்த நாள், குடிவந்த அன்று அயல் வீட்டுக்கு என்ன சிறு பரிசு கொண்டுபோகவேண்டும் என்பதெல்லாம். கடைசிப் பக்கத்தில் ஒரு மனித உருவத்தின் கோட்டுப்படம். ஒவ்வோர் உறுப்புக்கும் ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் போட்டிருந்தது. மொழி தெரியாதவர்கள் மருத்துவரிடம் போய், வலிக்கும் இடத்தைப் படத்தில் தொட்டுக் காட்டினால் போதும். வசந்தி பல்வலிக்குத் தனியாகப் போய் அப்படித்தான் மருந்து வாங்கி வந்தாள். "இந்த மனிசனுக்கும் எனக்கும் ஒரே இடத்தில நோகுது எண்டு காட்டினன். டொக்டருக்கு விளங்கிட்டுது" என்று வந்து சொன்னாள். மருத்துவக் காப்புறுதி அட்டை, நாங்கள் நகரசபையில் பதிந்த அன்றே கைக்கு வந்துவிட்டது. புதிய நாடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் பழகிப்போனேன்.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பரில் இங்கே வந்தோம். இங்கே மஞ்சள் புத்தகம் இல்லை. சில இணைய முகவரிகளைத் தந்தார்கள், நல்வரவு சொன்னார்கள். எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது. முதல் வாரமே ஒரு தாளில் ஏழு குறிப்புகள் எழுதி, ஜப்பானில் வாங்கிய மீன் வடிவக் காந்தத்தால் ஃபிரிட்ஜ் கதவில் பொருத்தினேன். குப்பை நாள், பஸ் நேரம், வீட்டுச் சொந்தக்காரரின் இலக்கம் என்று போய், ஏழாவதாக இருந்தது இது: "மருத்துவ அட்டை டிசம்பர் முதலாம் திகதிதான் செல்லுபடியாகும். அதுவரை இந்த வீட்டில் ஒருவரும் சுகயீனமாகக் கூடாது." இந்த மாகாணத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அட்டை நடைமுறைக்கு வரச் சில மாதம் காத்திருக்கவேண்டும். அதைத்தான் கொஞ்சம் பகிடியாக எழுதினேன். மாலையில் வேலையால் வந்து பார்த்தால், அதற்குக் கீழே வசந்தியின் கையெழுத்து: "உத்தரவு, ஐயா. ஆனால் பால் முடிஞ்சுது. வரேக்கை வாங்கிக்கொண்டு வாங்கோ." அந்தக் கதவைப் படம் எடுத்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் தங்கை சுகந்திக்கு அனுப்பினாள். எங்கள் மொன்றியல் வீட்டிலிருந்து ஊருக்குப் போன முதல் படம் அதுதான்.

அந்த மாதங்களுக்கென்று தனியார் காப்புறுதி ஒன்று எங்களிடம் இருந்தது. வேலை தந்தவர்கள் கட்டாயம் எடுக்கவேண்டும் என்றார்கள், எடுத்தேன். பத்திரம் முழுவதும் பிரெஞ்சில் இருந்தது. விபத்துக்கு மட்டும்தான் உதவும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, பிரெஞ்சு வகுப்பு தொடங்கியபின் வாசிக்கலாம் என்று கோப்பில் போட்டேன். மருந்துப் போத்தலின் உறையைக்கூட வாசிக்காமல் எறியாதவன் நான். என் வாழ்க்கையில் நான் வாசிக்காமல் கோப்பில் போட்ட தாள் அது ஒன்றுதான்.

அந்த இலையுதிர்கால நாட்குறிப்பை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "வ. இரவு சாப்பிடவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலும்." திகதி, வெப்பநிலை, அவள் சாப்பிடாதது எல்லாம் சரியாகக் குறித்திருக்கிறேன். காரணத்தை மட்டும் பிழையாக எழுதியிருக்கிறேன். ஒருமுறை கேட்டேன், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று. "டிசம்பர் வரைக்கும் எனக்கு ஒண்டும் வராது. எழுதிப் போட்டிருக்கிறியள்தானே" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதையும் குறித்திருக்கிறேன்.

அட்டை செல்லுபடியான மூன்றாம் நாள் காலையில், இன்று ஒரு டொக்டரிடம் போவோமா என்று அவளே கேட்டாள். குளிருக்கு ஏற்ற மருந்து வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் கூடப்போனேன். கிளினிக்கில் மருத்துவர் ஒரு நடுவயதுப் பெண். என்ன செய்கிறது என்று அவர் கேட்டதும், வசந்தி கைப்பையிலிருந்து அந்த மஞ்சள் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தாள். மருத்துவர் எழுத்துகளைப் பார்த்துவிட்டு, ஜப்பானிலிருந்தா வருகிறீர்கள் என்று கேட்டார். "நோ, டொக்டர். ஜஃப்னா" என்றாள் வசந்தி. அவர் அது ஜப்பானில் ஓர் ஊர் என்று எடுத்துக்கொண்டார் என நினைக்கிறேன்; தலையாட்டி எழுதினார். பிறகு படத்தைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அந்த உருவத்தின் வயிற்றில் பென்சிலால் பதினொரு புள்ளிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு திகதி. முதலாவது செப்டம்பர் கடைசி வாரத்துத் திகதி. நான் நாட்குறிப்பு எழுதிய அதே மேசையில், எனக்குத் தெரியாமல், என்னைவிடச் சரியாக அவளும் ஒரு குறிப்பு வைத்திருந்திருக்கிறாள், அட்டை வந்ததும் காட்டுவதற்காக.

மருத்துவர் திகதிகளை விரலால் தொட்டுக்கொண்டு போனார். பிறகு அவளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்: "ஏன் முதலே வரவில்லை?" அட்டை இல்லை என்றேன். "காப்புறுதி இருந்திருக்குமே?" கோப்பில் இருக்கிறது என்றேன். அவர் பரிசோதனைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளை எடுத்துக் கிழித்து நீலத் தொட்டியில் போட்டேன். "ஏனப்பா கிழிக்கிறியள்? வடிவாத்தானே எழுதியிருந்தனீங்கள்" என்றாள். அவளுடைய வரியும் அதோடு போனது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரைப்பைப் புற்றுநோய். ஏப்ரலில், வீதியோரத்துப் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்த நாட்களில் போய்விட்டாள். அந்தப் பத்து வாரங்கள் முன்னே வந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று பெரிய மருத்துவமனையில் கேட்டேன். சொல்ல முடியாது, மாறாமலும் இருந்திருக்கலாம் என்றார்கள். அந்தப் பதிலையும் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்திருக்கிறேன். எட்டு வருடமாக வாசிக்கிறேன். ஒருநாள் ஒரு பக்கம் சாய்கிறது, மறுநாள் மறுபக்கம்.

கையேடு அந்த ஓகஸ்டில் தொடங்கியது. முதற்பக்கத்தின் முதற்குறிப்பு எந்த வருடமும் மாறியதில்லை: எங்கேயாவது நோவு என்றால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள், அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம், காப்புறுதிப் பத்திரத்தை இன்றே வாசியுங்கள், பிரெஞ்சு விளங்காவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள். எட்டு வருடத்தில் நான்கு பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். போதும் என்று நினைத்திருந்தேன்.

இந்த ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, இரண்டு குளிர்ச்சட்டைகளை எடுத்துக்கொண்டு நிரோஷன் வீட்டுக்குப் போனேன். கோத்-டெ-நேஜ் என்ற பகுதியில் மூன்றாம் மாடி. நிரோஷன் தேநீர் போட்டார். தர்ஷிகா கதிரையில் ஒருபக்கமாகச் சரிந்து, விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு இருந்தார். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. படத்திலிருந்து அச்செடுத்தது, ஓரங்கள் மங்கல். ஏழு குறிப்புகள். என் எழுத்து. அதற்குக் கீழே, பால் முடிஞ்சுது.

நிரோஷன் பெருமையாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "சேர் எழுதினபடிதான் நாங்க நடக்கிற" என்றது காதில் விழுந்தது. இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தில் அவர் படிப்பித்த இடத்து நூலகத்தில் சுகந்தி வேலை செய்கிறாள். புறப்படும்போது அவள் அனுப்பியதாம். நான் அனுப்பிய கையேட்டை வாசிக்கவில்லையா என்றேன். "அது பதினாலு பக்கம், சேர். இது ஒரு பக்கம். ஃபிரிட்ஜில ஒட்டலாம்."

தர்ஷிகாவிடம் எத்தனை நாளாக நோகிறது என்று கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். "ரெண்டு கிழமை இருக்கும், சேர். பெரிசா ஒண்டுமில்ல. டிசம்பர் வரைக்கும்தானே, சமாளிச்சிரலாம்."

கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். பிரெஞ்சுப் பத்திரம் மடிப்புக் கலையாமல் இருந்தது. அந்தச் சமையலறையில் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்து, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். என் குரல் சரியாக இல்லை என்று நினைக்கிறேன், இருவரும் பயந்துபோய் நின்றார்கள். பதினைந்து நிமிடத்தில் மூன்றுபேரும் காரில் இருந்தோம். தர்ஷிகாவுக்கு என்ன என்பதை இங்கே எழுதுவது முறையல்ல. நேரத்தோடு போனோம், இப்போது தேறிவருகிறார். அதுமட்டும் போதும். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளை நான் எடுத்து வந்துவிட்டேன்.

அடுத்தநாள் காலை சுகந்திக்கு அழைத்தேன். அங்கே மாலை. இங்கே வருகிற எல்லோருக்கும் அந்தப் படத்தை அனுப்புவது தான்தான் என்றாள். அக்கா வீட்டு ஒழுங்கைப் பார்த்து மற்றவர்களும் பழகட்டும் என்றுதானாம். அப்போதுதான் அந்த ஏழாவது குறிப்பைப் பற்றியும், பென்சில் புள்ளிகளைப் பற்றியும், கோப்பில் கிடந்த பத்திரத்தைப் பற்றியும் முதன்முறையாக அவளுக்குச் சொன்னேன். ஊரில் எல்லோரும் அறிந்தது, நோய் வந்தது, காப்பாற்ற முடியவில்லை என்பது மட்டும்தான். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"எனக்குத் தெரியும், அத்தான்" என்றாள். "நோகுது எண்டு அக்கா எனக்குச் சொன்னவ. அந்த மனிசன் புது வேலையில பாடுபடுது, அட்டை வரட்டும், சொல்லிப்போடாதை எண்டவ. நானும் சொல்லேல்லை."

எட்டு வருடம் நான் ஒருவனே சுமந்ததாக நினைத்திருந்தேன். மறுபாதி அங்கே இருந்திருக்கிறது.

அந்தப் படத்தை அழித்துவிடும்படி கேட்டேன். இனி ஒருவருக்கும் அனுப்பமாட்டேன், ஆனால் அழிக்கமாட்டேன் என்றாள். அக்கா கையால் எழுதியது அவளிடம் வேறொன்றும் இல்லையாம். அப்படியானால் மேலே இருக்கும் என் ஏழு குறிப்புகளையும் வெட்டிவிட்டு, அவளுடைய வரியை மட்டும் வைத்துக்கொள் என்றேன்.

"வெட்டினா, அத்தான், அக்கா ஆருக்குப் பதில் எழுதினவ எண்டு தெரியாமல் போயிடும்."

அங்கே அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இங்கே அப்படி விடமுடியாது. இங்கே என் வீட்டுக்கு வருகிற புதியவர்கள் ஃபிரிட்ஜ் கதவைப் படம் எடுக்கிறார்கள். ஆகவே கத்தரிக்கோலை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, நிரோஷன் வீட்டிலிருந்து எடுத்து வந்த தாளை வெட்டினேன். ஏழு குறிப்புகளும் நீலத் தொட்டிக்குப் போயின. கீழ்ப்பாதியை மீன் காந்தத்தால் கதவில் பொருத்தினேன். யாழ்ப்பாணத்தில் என் உத்தரவும் அவளுடைய பதிலும் ஒரே தாளில் இருக்கின்றன. ரொக்ஸ்பரோவில் பதில் மட்டும் இருக்கிறது. நான் பால் விட்டுத் தேநீர் குடிப்பதில்லை. இருந்தாலும் இந்த வாரம் இரண்டு தடவை, ரயிலால் இறங்கி வரும்போது தெப்பனரில் பால் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.